குறுக்கு வெட்டு

தத்தனேரி போகிற வழியில், பாலம் இறங்கியதும்
அபுதாகிர் கடை.
இடித்த வீடுகளின் மரமெல்லாம்
அங்கே சுவரில் சாய்ந்து நிற்கும்.
எனக்கு வேண்டியது ஏழு பலகை,
பரண் போட.

"எல்லாமே பர்மா தேக்கு மேடம்."
இந்த ஊரில் எந்தப் பழைய மரமும்
பர்மாவுக்கு இந்தப் பக்கம் முளைத்ததில்லை.

மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.
பச்சைப் பெயிண்ட், அதற்கடியில் நீலம்,
அதற்கும் அடியில் யார் வீட்டு அடுப்புப் புகையோ.
எண்ணெய் குடித்தால் எல்லா மரத்துக்கும் ஒரே முகம்.
முனையைத்தான் பார்க்க வேண்டும்.
பெரியாஸ்பத்திரி லேப்பில் சதை சீவும் பிளேடில்
புதிது ஒன்று பையில் வைத்திருந்தேன்.
விரற்கடை அகலம் சீவி, தண்ணீர் தொட்டு,
லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு
ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்குத் திரும்பினேன்.

முதல் பலகை தேக்கேதான்.
ஆண்டுக்கொரு வரிசையாகப் பெருந்துளைகள்,
நடுவில் இரண்டு வரிசை நெருங்கியிருந்தது,
மழை பொய்த்த வருஷங்கள் போலும்.
"நாந்தான் சொன்னேன்ல."
இரண்டாவதைச் சீவும்போதே தும்மல். வாகை.
தும்மலுக்கு இருநூறு குறைத்தார்.
அடுத்தது நாக்கில் பட்டதும் கசந்தது,
வேம்புக்கு லென்ஸ் எதற்கு.
நாலும் ஐந்தும் கோங்கு, அவரே ஒப்புக்கொண்டார்
பல்லைக் காட்டாமல் சிரித்து.
ஆறாவதன் சீவலைப் பாட்டில் தண்ணீரில் போட்டு
டீ குடித்துவிட்டு வந்தால்
தண்ணீர் முழுக்கப் பொன்னிறம், ஓரத்தில் மட்டும்
மயில் கழுத்து நீலம்.
வேங்கை.
"சுகருக்கு நல்லதுங்களே" என்று கை நீட்டினார்.
பெயிண்ட் குடித்த மரம், வேண்டாமென்று கொட்டினேன்.

ஏழாவது பிடிபடவில்லை.
துளைகள் சிதறிக் கிடந்தன.
ஒரே ஒரு ஆணி ஓட்டை, சுற்றிலும் கறுத்து.
மாவா, இலுப்பையா,
கப்பலேறி வந்த ஏதோ ஒன்றா.

"லேப்புலயும் இப்படித்தானா மேடம்?
சீவிப் பார்த்துப் பேரைச் சொல்லிருவீங்களா?"

சீவுவது நான். சொல்வது டாக்டர்.
பத்தொன்பது வருஷமாக அதுதான் ஏற்பாடு.
மெழுகில் புதைத்து, தலைமுடியைப்
பதினைந்தாய்ப் பகுத்த கனத்துக்கு வெட்டி,
கண்ணாடியில் ஏற்றி ஊதாச் சாயம் கொடுப்போம்.
அந்தச் சாயமே ஒரு மரத்தின் வைரம்தான்,
கடலுக்கு அந்தப் பக்கம் வளர்கிற மரம்.
தினமும் கை நகத்தில் அதன் கறையோடு வீட்டுக்குப் போகிறேன்,
மரத்தைப் பார்த்ததில்லை.
இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்த சீட்டை எடுத்தார்.
சபுரா பீவி, நாற்பத்து நாலு, இடது பக்கம்.
நம்பரைப் படிக்கத் தேவையிருக்கவில்லை.
வெள்ளிக்கிழமை என் கையால் வெட்டியது.
சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று
ஒரு நிமிஷம் குனிந்தேன், அவ்வளவுதான்.
ஒரு நிமிஷமே அதிகம்.
வரிசை இல்லை, எல்லை இல்லை,
எங்கு பார்த்தாலும் ஊதா.

"செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்துரும்."
"நீங்க பார்த்தீங்களா?"
"டாக்டர்தான் சொல்லணும்."

ஏழாவது பலகையைத் திருப்பிப் போட்டு
மறு முனையைச் சீவினேன்.
அவசரத்தில் சீவல் பிசிறியது.
"இது என்ன மரம்னு எனக்குத் தெரியல" என்றேன்.
அது மட்டும் உண்மை.

ஏழுக்கும் தேக்கு விலையே எடுத்துக் கொடுத்தேன்.
கொடுத்த பிறகுதான் உறைத்தது,
காலையிலிருந்து நூறுக்கும் ஐம்பதுக்கும்
மல்லுக்கு நின்றவள் நான்.

அபுதாகிர் பணத்தை எண்ணவில்லை.
என் முகத்தையே பார்த்தபடி
வாகைப் பலகைமேல்
மெல்ல உட்கார்ந்தார்.